நடுகல்லுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

தருமபுரி மாவட்டத்தில் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ நிற்கும் பழைய வீரக்கல்லைக் காட்டிக் கேட்டால், பல ஊர்களில் ‘வேடியப்பன் சாமி’ என்பார்கள். பொங்கல் வைக்கிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள். கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு ஊர் நட்ட கல் அது. சில கற்களில் இன்னொரு செய்தியும் உண்டு. இறந்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தைச் சொல்லும் செய்தி. உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று அந்த நிலத்துக்குப் பெயர். சிந்திய ரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம். நினைவுக் கல்லையும் அதற்கான செலவையும் சேர்த்தே யோசித்த மண் இது.

அதே மண்ணில் இன்று ராணுவ நிலம் பற்றிய பேச்சு நடக்கிறது. நல்லம்பள்ளிப் பக்கம் நெக்குந்தியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் வரும் என்ற எதிர்பார்ப்பு பல ஆண்டுகளாக உண்டு. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் சேலமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நாம் இருக்கிறோம். வேலை வரட்டும், வரவேண்டும். ஆனால் வேலிக்குள் போகும் கல்லும் மரமும் என்னவாகும், அவற்றுக்கு யார் செலவு செய்வார்கள் என்பதைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் சரியல்ல.

“ராணுவ நிலம் ராணுவத்துடையது. உள்ளே இருக்கிற எல்லாம் அவர்கள் பாடு.”

நிலம் மத்திய அரசுடையது. படைகள் அதைப் பயன்படுத்துகின்றன. கணக்கு வைப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு நில நிர்வாகத் துறை. அந்தத் துறை முடித்த அளவையின்படி நாடு முழுவதும் சுமார் 17.78 லட்சம் ஏக்கர். அதில் கன்டோன்மென்ட்டுகளுக்குள் இருப்பது 1.61 லட்சம் ஏக்கர்தான். கன்டோன்மென்ட் என்றால் அங்கே ஒரு வாரியம் உண்டு. பழைய சின்னங்களைப் பேணுவதையும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கடமைகளில் சேர்த்திருக்கிறது. மீதி 16 லட்சத்துச் சொச்சம் ஏக்கரில் அப்படியொரு வாரியம் இல்லை. நெக்குந்தி போன்ற இடம் நாளை ராணுவ நிலமானால், இந்த இரண்டாவது கணக்கில்தான் சேரும்.

“பாதுகாப்பு பட்ஜெட் அவ்வளவு பெரிது. இதற்கென்று ஒரு தொகை ஒதுக்காமலா இருப்பார்கள்?”

அதிகம் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் அப்படி உண்டு. படைத்தளங்களின் காட்டையும் வனவிலங்கையும் பேண 1960-லேயே சைக்ஸ் சட்டம் வந்தது. 1997-ல் அதைத் திருத்தி, இயற்கை வளம் உள்ள தளங்கள் அதற்கொரு மேலாண்மைத் திட்டம் எழுதியே ஆகவேண்டும் என்றார்கள். ‘லெகசி’ என்ற திட்டத்தை 1990-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்படுத்தியது. ராணுவ நிலத்தில் உள்ள பண்பாட்டு, இயற்கை வளங்களுக்காகவே அதன் பணம் பாதுகாப்புத் துறை வழியே போகிறது.

நம் நாட்டில் பணம் ஒரே பையிலிருந்து வருவதில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கப்பட்டதென்றால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொல்லியல் துறை பார்க்கும். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள கிங்ஸ் பாரக்ஸ் இதற்கு உதாரணம். கட்டடத்தில் இருப்பது ராணுவம், சின்னமாகப் பட்டியலில் வைத்திருப்பது தொல்லியல் துறை. மாநில அளவில் அறிவித்தால் 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், மாநிலத் தொல்லியல் துறையின் பணம். காட்டு நிலம் வேறு பயனுக்குப் போனால், அதற்காகக் கட்டும் தொகை மாற்றுக் காடு வளர்ப்பு நிதியில் சேரும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 90 சதவீதம் மாநிலத்துக்கு. நன்கொடை என்றால் 1996-ல் அமைத்த தேசியப் பண்பாட்டு நிதி. கம்பெனிகள் சட்டம் 2013-ன் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் அட்டவணையில் தொன்மைச் சின்னப் பாதுகாப்பும் இருக்கிறது, சுற்றுச்சூழலும் இருக்கிறது. பாதுகாப்புத் தளவாடம் செய்ய ஓசூருக்கும் சேலத்துக்கும் வரும் பெரிய நிறுவனங்களிடம் இதைக் கேட்க நமக்கு எல்லா நியாயமும் உண்டு. யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனை பைகளிலும் ஒரு பொது விதி ஓடுகிறது. பெயர் எழுதி, இடம் குறித்து, பட்டியலில் ஏறிய பொருளுக்குத்தான் பணம் வரும். வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடக்கும் நம் வேடியப்பன் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

“ராணுவத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் சட்டமே பொருந்தாது.”

பாதி உண்மை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குத் தருகிறது. அனுமதி தேவைப்படும் வகைத் திட்டமென்றால் ஆய்வும் அனுமதியும் தேவைதான். வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தமும் 10 ஹெக்டேர் வரையிலான பாதுகாப்புக் கட்டமைப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு அளிக்கிறது. 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட மாவட்டம் இது. ஊர்க்கூட்டம் கிடையாது என்பது எனக்கு வருத்தமான விஷயம். மாட்டை ஓட்டிப் போகிறவருக்குத்தான் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்தக் கல் நிற்கிறது என்று தெரியும். அவரைக் கேட்காமலே அறிக்கை முடிந்துவிடலாம்.

“வேலி போட்டால் எல்லாம் தானாகவே காப்பாற்றப்படும்.” “ராணுவம் போனால் எல்லாம் அழிந்துவிடும்.”

இரண்டையும் ஒரே ஊரில் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன். டெல்லி செங்கோட்டையைப் பாருங்கள். 1857-க்குப் பின் ஆங்கிலப் படை உள்ளே இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ராணுவம் அங்கேயே இருந்து, 2003 டிசம்பரில்தான் கோட்டையை ஒப்படைத்தது. நான்கே ஆண்டுகளில், 2007-ல், அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மறுபக்கம், 1982-ல் டேராடூனில் பிரதேச ராணுவத்தின் சுற்றுச்சூழல் பட்டாலியன் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் குவாரிகள் சிதைத்த முசூரி மலைச்சரிவில் முன்னாள் ராணுவ வீரர்கள் மரம் நட்டார்கள். இத்தகைய பட்டாலியன்களுக்கான செலவை ஏற்பது சுற்றுச்சூழல் அமைச்சகமும் மாநில அரசுகளும். ஆள் ராணுவத்தினர், பணம் வேறு துறை. வேலி அழிக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது, வேலி போடும் நாளில் யாரிடம் என்ன பட்டியல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

“கல்லைப் பெயர்த்து மியூசியத்தில் வைத்துவிட்டால் போதும்.”

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். வேறு வழியில்லாத கல்லுக்கு அது நல்ல இடம். ஆனால் இடம் பெயர்ந்த நடுகல் பாதி ஊமையாகிவிடும். எந்த வழியாக மாடு போனது, எங்கே சண்டை நடந்தது என்பதெல்லாம் அது நின்ற இடத்தோடு சேர்ந்த செய்தி.

எனவே நில ஒப்படைப்புக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடும் தொல்லியல் தெரிந்த ஓர் ஆசிரியரோடும் புல எண் வாரியாக நடக்க வேண்டும். கல், பாறை ஓவியம், பழைய கிணறு, பெரிய மரம், சுனை என எது இருந்தாலும் புல எண்ணோடு குறித்துப் படம் எடுக்க வேண்டும். எழுத்துள்ள கல்லாக இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லி மைப்படி எடுக்கச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று அருங்காட்சியகத்துக்கு, ஒன்று நிலத்தை வாங்கும் துறைக்கு. ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.