டேபிளுக்கும் ஞாபகசக்தி வேணும்: க்யூட்டில் க்யூசெட்டிங்ஸ்

பைத்தான், க்யூட் வைத்து டெஸ்க்டாப் ஆப் செய்பவர்களுக்கான பாடம் இது. நம்ம ஏரியா உதாரணமே எடுப்போம்: மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் ஸ்டாக் லிஸ்ட். கண்டெய்னர் எண், சைஸ், வந்த தேதி, ஆபத்து வகுப்பு என்று பல காலம்கள் (நேரம் இல்ல, நெடுவரிசை!). ஒருத்தர் தன் வசதிக்கு அகலம், வரிசை எல்லாம் மாற்றி வைப்பார். ஆப்பை மூடித் திறந்தா அது அப்படியே இருக்கணும்.

1. சேமிப்பது

முதலில் நிறுவனப் பெயர், ஆப் பெயர் இரண்டையும் செட் பண்ணிடுங்க. டேபிள் ஹெடரில் சேவ்ஸ்டேட் கூப்பிட்டால் அகலம், வரிசை, மறைத்த காலம், ஸார்ட் எல்லாம் ஒரே பைட்அரேயாக வரும். அதை ஒரு கீ கொடுத்து க்யூசெட்டிங்ஸில் போடணும். விண்டோஸில் அது ரெஜிஸ்ட்ரிக்குள் போய் உட்காரும்.

க்ளோஸ்ஈவென்ட்டை மட்டும் நம்பாதீங்க. கரண்ட் போனா அது ஓடாது. செக்‌ஷன்ரீசைஸ்ட், செக்‌ஷன்மூவ்ட் சிக்னல்களிலும் சேமிங்க. மவுஸை இழுக்கும்போது சிக்னல் சரமாரியா வரும் என்பதால் நடுவில் அரை நொடி டைமர் வைங்க.

2. மீட்பது

மாடலை செட் பண்ணின பிறகுதான் ரீஸ்டோர்ஸ்டேட். அடுத்த வெர்ஷனில் நடுவில் புதுக் காலம் சேர்த்தால் பழைய அகலங்கள் இடம் மாறி உட்காரும். அதனால் கீயின் பெயரிலேயே வெர்ஷன் எண் இருக்கட்டும்.

3. யாருடைய செட்டிங்ஸ்?

மூணு ஷிஃப்ட் ஆளுங்களும் ஒரே விண்டோஸ் லாகின் பயன்படுத்தினா, க்யூசெட்டிங்ஸுக்கு மூணு பேரும் ஒருத்தர்தான். பிகின்குரூப்பில் பணியாளர் எண்ணைக் கொடுத்துப் பிரிங்க.

4. மறைக்கக் கூடாதது

2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியில்தான் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் வெடிவிபத்துக்குப் பிறகே ஊர் முழுக்க அதைப் பேசியது; உடனே ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சரக்கின் ஆபத்து வகுப்பு 5.1. இப்படி ஒரு காலத்தை ஒருத்தர் மறைத்து, அதை நம்ம ஆப்பும் பொறுப்பா சேமித்து வைத்தால், அடுத்து வருபவருக்கு அது சாதாரணப் பெட்டி. எனவே ரீஸ்டோர் முடிந்ததும் அந்தக் காலத்தை செட்செக்‌ஷன்ஹிட்டன் மூலம் கட்டாயம் திரும்பக் காட்டணும். ஃபில்டரைச் சேமிக்கவே வேண்டாம்.

பயனர் விருப்பம் எது, பாதுகாப்புத் தகவல் எது என்று முதலில் பிரிச்சுட்டு, அப்புறம் கோடு எழுதுங்க.

வீட்டுப்பாடம்: "பழைய நிலைக்குத் திரும்பு" பட்டன் ஒன்று சேருங்க. கீயை அழித்தால் மட்டும் போதுமா? ஓட்டிப் பாருங்க!