கழுத்துக் கட்டிக்கு மாத்திரை மட்டும் போதுமா?



போடிமெட்டு வழியே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்களுக்குப் படபடப்பு, கைநடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிவது என்று வந்தால், மலை வேலையின் அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதாலும் இப்படி வரும். ரத்தப் பரிசோதனையில் டி3, டி4 கூடி, டி.எஸ்.எச். குறைந்திருக்கும்.

மருத்துவர் கார்பிமசோல் மாத்திரை தருவார். சில வாரங்களில் படபடப்பு அடங்கும். அத்தோடு நின்றுவிடக் கூடாது. மாத்திரை சுரப்பைத்தான் குறைக்கும். கழுத்தில் கட்டி இருந்தால், அது எப்படிப்பட்ட கட்டி என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

சுரப்பு மிகுந்தவருக்குத் தைராய்டு புற்றுநோய் வராது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் எண்ணினார்கள். தைராய்டு செல்களைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைந்திருக்கையில் புற்று எப்படி வளரும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்த நோயில், டி.எஸ்.எச். செய்யும் தூண்டலை உடலின் எதிர்ப்புப் புரதங்களே செய்கின்றன. இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம் என்பது இன்று தெளிவு.

செய்ய வேண்டியவை:

1. கட்டி இருந்தால் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஐசோடோப் ஸ்கேனில் மருந்தை அதிகம் இழுக்கும் கட்டியில் புற்று அரிது. இழுக்காத கட்டியும் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

2. புற்று என்றே வந்தாலும், அதிகம் காணப்படும் பாப்பிலரி வகை, தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் குணமாகும். முதலில் சுரப்பைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். இல்லையேல் அறுவையின்போது இதயத்துக்கு ஆபத்து.

3. துப்பட்டி கழுத்தை மூடியிருப்பதால் கட்டி வளர்வது வீட்டாருக்கும் தெரியாது. கண்ணாடி முன் முகத்தை நிமிர்த்தித் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே புடைப்பு ஏறி இறங்கினாலோ, குரல் கம்மினாலோ தாமதிக்காதீர்கள்.

4. கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், அன்றே மருத்துவரிடம் போய் ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும்.

5. நோன்புக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸஹர், இஃப்தார் வேளைக்கு மாற்றலாமா என்று ரமலானுக்கு முன்பே கேளுங்கள்.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்; விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம். துணைக்கு ஆளில்லை என்றாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்