மஸ்தகிக் கிராமங்கள்

மத்தியதரைக் கடலின் கிளையாகிய ஈஜியன் கடலில், ஆசியாக் கரையை அடுத்துக் கியோஸ் என்னும் கிரேக்கத் தீவு உளது. அதன் தென்பாகத்துச் சிற்றூர்களை மஸ்தகிக் கிராமங்கள் என்பர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என வழங்கும் நறும்பிசினே அவற்றின் செல்வம். கோடையில் மரப்பட்டையைக் கீறுவர். கசியும் பிசின் அடியிற் பரப்பிய வெண்மண்மீது துளித்துளியாய் வீழ்ந்து உறையும்.

1346-ஆம் ஆண்டில் தீவைக் கைப்பற்றிய ஜெனோவா நகரத்தார் இவ்வாணிகத்தைத் தமக்கே உரித்தாக்கிக்கொண்டனர். கடற்கொள்ளையருக்கு அஞ்சி ஊர்கள் அரண்களாக அமைந்தன. மெஸ்தாவில் ஊர்ப்புற வீடுகளின் சுவர்களே மதிலாகும். தெருக்களோ புகுந்தோர் மயங்குமாறு குறுகி வளைந்து செல்லும். பிர்கியில் கரும்பூச்சின்மேல் வெண்சுண்ணம் தீற்றி, அதனைச் சுரண்டிச் சுவர்தோறும் கோலம் வகுத்துள்ளனர். காண்பார் கண்ணைக் கவரும் அழகு இது.

1566-இல் துருக்கியர் ஆட்சி வந்தது. 1822-இல் அவர்தம் படை தீவினரைக் கொன்று குவித்தபோது, இவ்வூர்களுட் பெரும்பாலன தப்பின. அரண்மனைக்கு மஸ்தகி வேண்டியிருந்ததே காரணம். இதனை அருள் என யாம் சொல்லத் துணியோம். ஆண்டோர் பிசினை மதித்தனர், அவ்வளவே. 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் மஸ்தகி வளர்க்கும் அறிவினையே மாந்தர்தம் மரபுச் செல்வமாக ஏற்றது. மரத்தைக் கீறும் கைக்குரிய மதிப்பு அன்றுதான் உலகறியக் கிடைத்தது எனலாம்.