இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறதா?

இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை சுள்ளென்று மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால், அது சயாட்டிகாவாக இருக்கலாம். முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். பலருக்கு 4 முதல் 6 வாரங்களில் குறைந்துவிடும்.

• படுத்தே கிடக்காதீர்கள். வலி பொறுக்கும் அளவு மெல்ல நடங்கள்.

• பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு உட்காராதீர்கள்.

• ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

• வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். சூடு தோலைச் சுடக்கூடாது.

• வலி தீரும்வரை தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். பிறகும் இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

உடனே மருத்துவமனைக்கு: சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழந்தாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.