முள் குத்தினால் அலட்சியம் வேண்டாம்

கண்மாய்க் கரையில் கருவேல முள் ஏறினால், பிடுங்கி எறிந்துவிட்டு நடையைக் கட்டுவதுதான் மதுரைச் சுற்றுவட்டார வழக்கம். முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முனை உள்ளே ஒடிந்திருந்தால் எருக்கம்பால் வைக்காமல் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுங்கள். டி.டி. ஊசி பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

காரணம் உண்டு. 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்த நோயை 'மதுரா ஃபுட்' என்றே உலகம் அறியும். மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ முள் காயம் வழியே நுழையும். பாதத்தில் வலிக்காத கட்டி மாதக்கணக்கில் பெருக்கும். பிறகு துளை விழுந்து, சீழோடு ரவை போன்ற கறுப்பு, வெள்ளை, சிவப்புக் குருணைகள் வரும். வலிதான் இல்லையே என்று விட்டால் எலும்பு வரை அரித்துவிடும். பாக்டீரியா வகை, விடாமல் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சை வகைக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள்.

முள் மட்டுமல்ல, காலுக்கு வரும் மற்ற தொல்லைகளிலும் அலட்சியம் வேண்டாம். நடவு வயலில் சேற்றுப்புண் வந்தால், விரலிடுக்கைத் துடைத்து உலரவிட்டாலே பாதி குறையும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டும். 2021 சட்டத் திருத்தப்படி கடையில் இருக்கை கட்டாயம், தயங்காமல் உட்காருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் சித்திரை வெயிலில் மாசி வீதியில் வெறுங்காலோடு தேர் பார்க்க வேண்டாம், மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள். உணர்ச்சி மரத்த காலில் சூடு தெரியாமலே கொப்புளம் கிளம்பும். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.