திண்ணையில் உட்காராமல் உள்ளே போகாதீர்கள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம். அங்கிருந்து கோவளம். ஈ.சி.ஆரைத் தொட்டு வடக்கே கொஞ்ச தூரம் போனால் முட்டுக்காடு. தென்னிந்திய வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்கு எனக்குப் பழகிய வழி இதுதான். பள்ளிப் பிள்ளைகளை டூர் கூட்டிப் போகிற இடம் என்று நம் பக்கத்தில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது, நடந்து நடந்து வீடு என்றால் என்னவென்று கற்றுக்கொண்ட தெரு.

1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் உழைப்பு இது. 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள். லாரி பேக்கர் தொடக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தார்; பென்னி குரியகோஸ் கட்டி வளர்த்தார். சுமார் 10 ஏக்கரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா வீடுகள். இவற்றில் பல, சொந்த ஊரில் இடிபட இருந்த அசல் வீடுகள். படம் வரைந்து, பிரித்து, இங்கே கொண்டுவந்து, அந்தந்தப் பக்கத்துக் கைவேலைக்காரர்களையே வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். ஓர் உத்தரத்தைச் சேதாரமில்லாமல் கழற்றுவது எவ்வளவு பாடு என்று எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டே உள்ளே போங்கள்.

மார்கழி, தை மாதத்தில் போனால் வெயில் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை போகச் சொல்வேன். மழைக்கும் வெயிலுக்கும் பதில் சொல்லத்தான் இந்த வீடுகளைக் கட்டினார்கள். இரண்டும் இல்லாத நாளில் அவை சும்மா நிற்கின்றன. மழை பிடித்ததும் எல்லோரும் காபி குடிக்க ஓடுவார்கள். நீங்கள் முற்றம் வைத்த வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றுகொள்ளுங்கள். கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கும். இரண்டு சரிவு சேரும் மூலையில் மட்டும் கனமாகக் கொட்டும். செட்டிநாட்டில் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்தது இந்த மூலையில்தான். முற்றம் தாழ்ந்திருப்பதால் தாழ்வாரத்துக்குத் தண்ணீர் ஏறாது. சாரல் மட்டும் காலில் படும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டதைப் பார்த்த நமக்கு, தண்ணீர் எங்கே விழும், எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு எழுப்பிய வீட்டின் அருமை சொல்லாமலே புரியும்.

அடுத்தது, அவசரப்படாமல் திண்ணையில் உட்காருங்கள். வாசலில் ஒரு செல்ஃபி, முற்றத்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேரளக் கூரை ஏன் அவ்வளவு தாழ இறங்குகிறது என்பது அதன் கீழே உட்கார்ந்தால்தான் தெரியும். கண்ணைக் கூசவைக்கும் வானம் மறைந்துபோய், தரை வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீட்டில் மரச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். புயல் காற்று மோதி நிற்க அதில் மூலையே கிடையாது.

செட்டிநாட்டு வீட்டுக்கு மட்டும் நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசையாகப் போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. சமையலும் கணக்கும் தனித்தனி. விசேஷத்துக்குக் கூரை ஒன்று. கூட்டுக்குடும்பம் என்று வாயால் சொல்கிறோமே, அதைச் சுவரும் கதவுமாகப் பார்க்கலாம்.

என் யோசனைகளில் முக்கியமானது: வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டிப் போங்கள். நான் என் அத்தையோடு போனேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் வளர்ந்தவர். அக்ரகாரத்து வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுத் திண்ணையில ஒரு ஓரத்தைச் சரிவா பூசியிருப்பாங்க, தெரியுமா?"

"எதுக்கு அத்தை?"

"தலை வச்சுப் படுக்கத்தான். ராத்திரி யாரு வந்து படுத்தாங்கன்னு காலையில கோலம் போட வர்றப்பதான் தெரியும்."

எந்தத் தகவல் பலகையிலும் இதைப் படித்திருக்க முடியாது. ரேழியில் வண்டி மாட்டுக் கயிறு எங்கே தொங்கும், மாடக்குழியில் விளக்கு எந்நேரம் ஏற்றுவார்கள், குதிரில் நெல்லை எந்தப் பக்கம் இறக்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். போனில் ஒலிப்பதிவை ஓட விட்டிருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்கே படிகள் நிறைய. கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும்.

பழைய வீடுகளைக் காக்க வேறு வழியும் உண்டு. ஜப்பானில் காக்குனோதாதே என்று ஒரு கோட்டை ஊர். 1620-இல் சாமுராய் குடும்பங்களுக்காக வகுத்த அகலத் தெரு, கறுப்பு மரவேலிகளோடு இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1976-இல் அந்நாட்டு அரசு தெரு முழுவதையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அங்குள்ள இஷிகுரோ குடும்ப வீட்டின் ஒரு பகுதியில் அந்தக் குடும்பத்தாரே குடியிருக்கிறார்கள். நாம் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் காப்பாற்றியிருக்கிறோம். அவர்கள் தெருவையே காப்பாற்றினார்கள். பிரித்து வந்த வீட்டுக்கு எதிர்வீடு இல்லை, ஊர்க்கிணறு இல்லை. அந்தக் குறை எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் தட்சிணசித்ராக்காரர்கள் எடுத்து வந்திருக்காவிட்டால் அந்த மரமெல்லாம் துண்டு துண்டாக விலை போயிருக்கும்.

அதனால்தான், திரும்பி வந்ததும் சொந்தத் தெருவில் ஒரு நடை நடக்கச் சொல்கிறேன். 1931-இல் சென்னை பீச்சிலிருந்து மின்சார ரயில் வந்த பிறகு பெருகிய பேட்டை நம் தாம்பரம். செட்டிநாட்டு அரண்மனை இங்கே கிடைக்காது. மேற்குத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மங்களூர் ஓடு போட்ட வீடு, கம்பி அழி வைத்த வராந்தா, மரக்கட்டைமேல் செங்கலைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இன்னும் அங்கங்கே மிச்சமிருக்கின்றன. ஓட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். இடித்துக் கட்ட பில்டர் கையெழுத்து வாங்கிய வீடு என்று தெரிந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு முழு நாள் உள்ளே இருங்கள். ஒவ்வோர் அறையையும் டேப் வைத்து அளந்து நோட்டில் வரையுங்கள். நிலைப்படி, ஜன்னல், தூண்தலை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். யார் கட்டியது, எந்த வருஷம், மரம் எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.