அரிய நோய்களும் ஆராய்ச்சி நிதியும்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க யார் பணம் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். அந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான்.

அரிய நோய் என்றால் என்ன?

மிகக் குறைவான பேருக்கு மட்டுமே வருகிற நோயை அரிய நோய் என்கிறோம். இப்படிப்பட்ட நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை மரபணுக் கோளாறால் பிறவியிலேயே வருபவை. ஒவ்வொரு நோயாக எடுத்தால் கொஞ்சம் பேர். எல்லாவற்றையும் சேர்த்தால் பெரிய கூட்டம்.

டை செலவுக் கணக்கு

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் இன்-பிளான்ட் டிரெயினிங் போனவர்கள் பிரஸ் ஷாப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டை செய்ய 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லட்சம் பாகம் அடித்தால் ஒரு பாகத்தின் மேல் விழும் டை செலவு 10 ரூபாய். அதே டையில் 10 பாகம்தான் அடிக்கப் போகிறோம் என்றால் ஒன்றுக்கு ஒரு லட்சம்! எந்த முதலாளி ஆர்டர் எடுப்பார்?

மருந்துக் கம்பெனியின் கணக்கும் இதேதான். நோயாளிகள் கோடிக்கணக்கில் இருக்கும் சர்க்கரை வியாதி என்றால் ஆராய்ச்சிச் செலவு பரவி விடும். அரிய நோய் என்றால் பரவாது. அதனால் அந்த நோய்க்கு டையே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, வெறும் கணக்கே போதும், சிலர் கைவிடப்படுவதற்கு.

இதைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்கா 1983-ல் ஒரு தனிச் சட்டம் கொண்டு வந்தது. அரிய நோய் மருந்துக்கு ஆராய்ச்சி மானியம், வரிச் சலுகை, 7 வருடம் வேறு யாரும் அதே நோய்க்கு அதே மருந்தை விற்க முடியாத உரிமை ஆகியவற்றை அது தந்தது. நம் நாட்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வெளிவந்தது.

வேலூர் செய்த வேலை

நம் பக்கத்திலேயே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஹீமோஃபிலியா என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அதில் எட்டாம் நம்பர் புரதம் இல்லாவிட்டாலோ குறைந்தாலோ அது ஹீமோஃபிலியா ஏ. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. வெளிக்காயத்தை விட, முழங்கால், கணுக்கால் மூட்டுக்குள்ளே கசியும் இரத்தம்தான் ஆளை முடக்குகிறது.

பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த ஒரு தம்பிக்கு இந்த நோய் உண்டு. பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குக் காவல் இருப்பான். முழங்கால் வீங்கினால் ஒரு வாரம் வரமாட்டான். அவனை ஊசிக்குக் கூட்டிப்போகும் நாளெல்லாம் அவன் அம்மாவுக்குக் கூலி போச்சு. குறைவான பேருக்கு வருவதால் நோயின் வலி குறைந்து விடுவதில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

ஊசியில் அந்தப் புரதத்தை ஏற்றினால் சில நாள் தாங்கும். பிறகு மறுபடி ஊசி. உடம்பே அதைத் தயாரிக்கும்படி செய்ய முடியாதா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும், அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் முயன்றன. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவுடன் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்தார்கள்.

செய்முறை இதுதான். நோயாளியின் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸை வண்டியாகப் பயன்படுத்தி, சரியான மரபணுவை அந்தச் செல்லுக்குள் ஏற்றுகிறார்கள். கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கிய பின், அந்தச் செல்களைத் திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள்.

22 முதல் 41 வயது வரையுள்ள ஐந்து பேருக்கு இப்படிச் செய்து, முடிவை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஐந்து பேரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அதில் ஒருவருக்குக்கூட இரத்தக் கசிவு ஏற்படவில்லை! ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இன்னும் பல வருடம் கவனிக்க வேண்டும். ஆனாலும் டை தயாராகி முதல் பாகம் சரியாக வந்துவிட்டது.

இந்த டைக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை. அதாவது மக்களின் வரிப்பணம். ஹீமோஃபிலியா பி-க்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மரபணு மருந்தின் விலை 35 லட்சம் டாலர். டாலர் என்பதை மறந்துவிடாதீர்கள்! நம் ஊர் நோயாளிக்கு எட்டுகிற விலையில் வேண்டுமென்றால் நம் ஊரில்தான் ஆராய்ச்சி நடக்க வேண்டும்.

மூன்று வகைப் பணம்

இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. சிகிச்சை உதவி: இது நோயாளிக்கு. தேசியக் கொள்கையில் பட்டியலிட்ட நோய்களுக்கு, 2022-ல் செய்த திருத்தப்படி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் மூலம் கிடைக்கும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அவற்றில் ஒன்று.

2. ஆராய்ச்சி மானியம்: இது ஆய்வுக்கூடத்துக்கு. கருவி, இரசாயனம், பணியாளர் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும்.

3. ஆராய்ச்சி உதவித்தொகை: இதைத்தான் ஃபெலோஷிப் என்கிறோம். இது ஆராய்ச்சி செய்யும் ஆளுக்கு. தேசிய அளவில் தேர்வு எழுதித் தேறி, பிஎச்.டி. சேர்ந்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தியது. பிஎச்.டி. முடித்தவர்களுக்கும் உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் இதற்குப் பேர் பெற்றது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். "டிப்ளமோ முடிச்சா சம்பளம் வரும்" என்று வீடு காத்திருக்கிறது. அது தப்பில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வந்த மாதம் 1,000 ரூபாய் நம்மில் பலரைப் பஸ் ஏற்றிவிட்டது. அதே வேலையைப் பெரிய அளவில் செய்வதுதான் ஃபெலோஷிப். படிக்கிற வயதில் வீட்டுக்கும் பணம் அனுப்பலாம். சொத்து இருப்பவர் மட்டும் ஆராய்ச்சி செய்யட்டும் என்றிருந்தால், மரத்தடியில் உட்கார்ந்தவனை நேரில் பார்த்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவே முடியாது.

வழி நீளமானதுதான். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம். பிறகு கேட் தேர்வு. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதன்பின் பிஎச்.டி. எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றில்லை. செல்களைப் பாதுகாக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் ஆடாமல் சுற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்துக் காற்று வடிகட்டப்பட்டு வர வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்ள டாக்டர் வரமாட்டார். நம்மைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

நண்பர்களே! லாபம் வராத டையை யாராவது ஒருவர் செய்துதான் ஆக வேண்டும். அதற்கான பணத்தில் நம் வீட்டு வரியும் கலந்திருக்கிறது. அதில் நம் கையும் இருக்கட்டுமே. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.